கோட்டுக்குக் கீழே

பின்னக் கணக்கில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பள்ளிக்கூடத்தோடு பலருக்கும் மறந்துபோகிற இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் பொது சுகாதாரத்தில் மதிப்பீட்டு வேலை பார்க்கிறவர்களின் பிழைப்பு ஓடுகிறது. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்பதெல்லாம் தொகுதி. அத்தனை பேர் யாரில் என்பது பகுதி. தொகுதியைக் கொடுக்க எல்லோருக்கும் இஷ்டம். 2020, 2021 இரண்டு ஆண்டும் மாலையானால் தொலைக்காட்சியில் அதுதான் ஓடியது. பகுதியைக் கேட்டால் அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். தமிழில் பகுதி என்ற சொல்லுக்கு வட்டாரம் என்றும் பொருள் இருப்பது தற்செயல்தான். ஆனால் எங்கள் தொழிலுக்கு அதைவிடத் தோதான தற்செயல் கிடையாது. கொரோனாவும், அதைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளும் யாரை எவ்வளவு தாக்கின என்று பார்க்கப் புறப்படும்போது, ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் உள்ளே நுழைந்தது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண் வழியாகத்தான் என்பது என் முடிவு. வைரஸ் வருமுன்பே கணக்கில் இல்லாமல் போனவர்கள், அது வந்தபோதும் நிவாரணம் வந்தபோதும் ஊசி வந்தபோதும் கணக்கில் இல்லாமலே இருந்தார்கள். அதைச் சரிசெய்யாமல் செய்கிற எந்த மதிப்பீடும் அதே தவற்றை இன்னொரு முறை அட்டவணை போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க நாவலூரைவிடத் தோதான இடம் குறைவு. பழைய மாமல்லபுரம் சாலையில் சென்னை மாநகராட்சி செம்மஞ்சேரியோடு முடிகிறது. அடுத்தது நாவலூர், செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் ஒன்றியத்து ஊராட்சி. அந்த மாவட்டமே 2019 நவம்பர் 29-இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பெருந்தொற்று வந்தபோது அதற்கு நாலு மாதக் குழந்தை வயது. சாலையின் ஒரு பக்கம் பார்த்தால் கண்ணாடி அலுவலகங்கள், இருபது மாடிக் குடியிருப்புகள், சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா. எல்லைக்கு வடக்கே செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்து ஆற்றோரங்களிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய மறுகுடியமர்வு வாரிய வீடுகள். கிழக்கே கோவளம் மீனவர் குப்பம். தெற்கே மாமல்லபுரம் வரை ஏரிக்கரைகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் இருளர் குடிசைகள். இவற்றுக்கு நடுவே, கட்டி முடியாத அடுக்குமாடிகளின் பின்புறம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கான தகரக் கொட்டகைகள். இத்தனையையும் சேர்த்து வகுத்தால் வருகிற சராசரி, இந்தச் சாலையில் வாழ்கிற ஒருவருக்கும் பொருந்தாது.

வித்தியாசம் எல்லாமே அநீதி இல்லை என்பதை இந்தத் தொழிலில் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைவிட அதிகம் இறப்பது உடம்பின் இயல்பு. தவிர்த்திருக்கக்கூடிய, தேவையில்லாத, நியாயமில்லாத வித்தியாசத்தைத்தான் சமத்துவக் குறைவு என்கிறோம். இங்கிலாந்தின் மார்கரெட் வைட்ஹெட் 1990-களின் தொடக்கத்தில் போட்டுக்கொடுத்த வரையறை இது. இந்தியாவுக்கு இதில் பழைய பாடமும் உண்டு. 1918 இன்ஃபுளுவென்சாவில் பம்பாய் நகரத்தில் தாழ்த்தப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு அறுபதுக்கு மேல் இறந்தார்கள்; ஐரோப்பியரில் எட்டைச் சுற்றி. கிருமி ஒன்றுதான். அன்றைய காலனி அரசு இறப்புப் பதிவேட்டில் சமூகத்தை எழுதி வைத்ததால் நூறு ஆண்டு கழித்தும் நமக்கு அது தெரிகிறது. சுதந்திர நாட்டில், கணினி யுகத்தில் வந்த தொற்றைப் பற்றி அந்த அளவுக்குக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை என்பது கொஞ்சம் கசப்பான வேடிக்கை.

ஊரடங்கை எடுத்துக்கொள்வோம். உத்தரவு எல்லோருக்கும் ஒன்று. வீட்டுத் தனிமைக்கு மத்திய அரசு 2020 ஏப்ரலில் விதி வகுத்தபோது, நோயாளிக்குத் தனி அறையும் வீட்டார் விலகியிருக்க வசதியும் வேண்டும் என்றது. மருத்துவப்படி சரியான விதி. நாவலூர் மூன்று படுக்கையறைக் குடியிருப்பில் அது ஒரு கதவைச் சாத்துகிற வேலை. வாரிய வீடு என்பது இருநூறு சதுர அடியைச் சுற்றி. ஒரு கூடம், சமையலுக்கு ஒரு மூலை, ஐந்தாறு பேர். அங்கே பாசிட்டிவ் வந்தால் முகாமுக்குப் போக வேண்டும், தெருவை அடைப்பார்கள், தகரம் அடிப்பார்கள், கூலி போகும். பரிசோதனைக்குப் போகாமல் காய்ச்சல் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டவர்களை அறியாமையில் செய்தார்கள் என்று அறிக்கைகள் எழுதின. கணக்குத் தெரிந்துதான் செய்தார்கள் என்று நான் எழுதுவேன். இன்னொன்று, மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. செம்மஞ்சேரியிலிருந்து நாவலூர் குடியிருப்புக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு அது நடந்து போகிற தூரம். ஆனால் வரைபடத்தில் வேறு மாவட்டம். போதாததற்குக் குடியிருப்போர் சங்கங்கள் வாசலிலேயே நிறுத்தின. சென்னைக்குள் மாநகரப் பேருந்து ஓடத் தொடங்கியது 2020 செப்டம்பர் 1-இல்; மாவட்ட எல்லை தாண்டியது 7-ஆம் தேதி. இதே மாதங்களில் அதே குடியிருப்பின் மேல்மாடிகளில் சம்பளம் தவறாமல் வங்கிக்கு வந்தது. ஊரடங்கு யாரைக் காப்பாற்றியது என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, அதன் செலவை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியையும் எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

நிவாரணத்தில் தமிழ்நாடு கருமித்தனம் பார்க்கவில்லை. 2020-இல் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லாப் பொருள்களும். 2021-இல் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாய், பதினான்கு வகை மளிகைத் தொகுப்பு. இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகள். பல மாநிலங்கள் நினைத்துப் பார்க்காத அளவு அது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் பகுதி என்பது குடும்ப அட்டைகளின் எண்ணிக்கை; குடும்பங்களின் எண்ணிக்கை இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்குக் கொடுத்தாயிற்று என்று அறிக்கை சொன்னால், அட்டை வைத்திருந்த நூறில் தொண்ணூற்றெட்டு என்றே வாசிக்க வேண்டும். புலம்பெயர் தொழிலாளிகளுக்குப் பிறகு தனியே அரிசி, பருப்பு, எண்ணெய் அறிவித்தார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபரில், அதற்குள் முதல் ஊரடங்கும் சிறப்பு ரயில்களும் முடிந்திருந்தன. வெளி மாநிலத்தாரை விடுங்கள். 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப் பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் வழங்கினார். நல்ல காரியம், செய்திகளில் பெரிதாக வந்தது. அந்தச் செய்தியை நான் வேறு மாதிரி வாசித்தேன். இரண்டு அலையும் இரண்டு நிவாரணமும் முடிந்த பிறகு, நாவலூரிலிருந்து ஒரே சாலையில் நேராகப் போகிற ஊரில், அட்டை இல்லாதவர்கள் அதுவரை இருந்திருக்கிறார்கள். நிவாரண அறிக்கையின் கோட்டுக்குக் கீழே அவர்கள் இருந்ததே இல்லை. ஆகவே விடுபட்டவர்களாகவும் அவர்களை யாரும் எழுதவில்லை.

அவர்களின் பிழைப்பு எதை நம்பி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொல்லியல் துறை 2020 மார்ச் 17 அன்று நாடெங்கும் நினைவுச்சின்னங்களை மூடியது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் மீண்டும் திறந்தது டிசம்பரில். மணி மாலை விற்பவர், சங்கு விற்பவர், கல் தட்டுபவர் எல்லோருக்கும் ஒன்பது மாதம் வியாபாரம் இல்லை. கடலில் வேறு கதை. ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாள் இருக்கும் விசைப்படகுத் தடைக்காலத்தை அந்த ஆண்டு நாற்பத்தேழு நாளாகக் குறைத்து, மே 31-இல் முடித்தார்கள். படகு இறங்கியது, கூடையில் மீனை எடுத்துப் பேருந்தில் ஏறித் தெருத் தெருவாக விற்கிற பெண்களுக்கு ஏறப் பேருந்து இல்லை. கடலுக்குப் போகிறவர் மீனவர் என்று பட்டியலில் உண்டு. விற்கிறவர் எந்தப் பட்டியலில்?

ஊசிக்கு வருவோம். இங்கேதான் வழக்கமான மறுப்பு பலமாக வரும்: இலவசமாகத்தானே போட்டார்கள், வேண்டாம் என்றது மக்கள்தானே, இதில் சமத்துவம் எங்கே வந்தது? மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் இறந்தபோது ஊரெல்லாம் பயம் பரவியது. ஊசி காரணமில்லை என்று தேசியக் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். மே 1 முதல் பதினெட்டிலிருந்து நாற்பத்துநாலு வயது வரை உள்ளவர்களுக்கு கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். வேகமான இணையமும் விரலும் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. எண்ணியல் பிளவு பற்றி உச்ச நீதிமன்றமே அந்த மாதக் கடைசியில் கேள்வி கேட்டது. ஜூனில் தனியார் விலை நிர்ணயமானது: கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410. குடியிருப்பு வளாகத்துக்கே தனியார் மருத்துவமனை வண்டி வந்து ஊசி போட்டுவிட்டுப் போனது. செங்கல்பட்டு திருமணியில் நூறு ஏக்கரில் பொதுத்துறை தடுப்பூசி வளாகம் ஒன்று கட்டி முடித்தும் ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் கிடந்தது. முதலமைச்சர் போய்ப் பார்த்தார், மாநிலத்திடம் ஒப்படைக்கக் கேட்டார். வேல்ஸ் சுரங்கப் பகுதி மருத்துவர் ஜூலியன் டூடர் ஹார்ட் 1971-இல் எழுதிய தலைகீழ் விதி இதுதான்: எங்கே தேவை அதிகமோ அங்கே கவனிப்பு குறைவு.

மக்கள் வேண்டாம் என்றார்கள் என்ற வாதம் உடைவது அடுத்த கட்டத்தில். ஆள் வராத கோவளத்தில் 2021 ஜூனில் தன்னார்வலர்கள் ஊசி போட்டால் பிரியாணி, குலுக்கலில் பரிசு என்று அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் சிரித்துக்கொண்டே எழுதின. குப்பத்தில் வரிசை நின்றது. பிரியாணிக்காகத் தங்கள் உடம்பைப் பற்றிய முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்று நினைப்பது அவர்களை மட்டமாக எடைபோடுவது. ஊசி அவர்கள் ஊருக்கு வந்தது, தெரிந்த முகங்கள் கூப்பிட்டார்கள், போன நாளுக்கு ஒரு ஈடு கிடைத்தது. செப்டம்பர் 12 மெகா முகாம் அன்று நாற்பதாயிரம் இடங்களில், இருபது லட்சம் இலக்கு வைத்து, கிட்டத்தட்ட 29 லட்சம் ஊசி போட்டார்கள். தயக்கம் என்ற மனநோய் அன்றைக்கு மட்டும் குணமாகிவிட்டதா? அதைவிட எனக்குப் பிடித்த சான்று, ஞாயிற்றுக்கிழமை முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. ஊசி போட்டால் கறியும் குடியும் ஆகாது என்று நம்பி ஞாயிறன்று பலர் ஒதுங்குகிறார்கள் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணம் சொன்னார். மூடநம்பிக்கை என்று திட்டிவிட்டு இருந்திருக்கலாம். நாளை மாற்றினார்கள். இந்தத் தொழிலில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க முடிவு அது: தடையை மனிதருக்குள் தேடாமல் ஏற்பாட்டில் தேடியது.

இறப்புக் கணக்கில் வேறு பிரச்சினை. சென்னை விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று ஒரே நாளில் சேர்த்தது. 2021 ஜூன் வரையிலான பதிவேடுகளை வைத்து லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு, சென்னையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமார் 26,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது; அரசுக் கணக்கு அப்போது எட்டாயிரத்தை ஒட்டி. மறைத்தார்களா, தவறவிட்டார்களா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அரசு அன்றாடம் வெளியிட்ட மாலை அறிக்கையின் கடைசிப் பக்கங்களை யாரும் நின்று படித்ததில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் நாலைந்து வரி: வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரையா ரத்த அழுத்தமா, அரசு மருத்துவமனையா தனியாரா, எத்தனை நாள் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இறந்தார். தொழில் இல்லை. வீட்டில் எத்தனை அறை என்பது இல்லை. ஆனாலும் அந்த வரிகளுக்குள் ஒரு அளவுகோல் ஒளிந்திருக்கிறது. மூச்சுத் திணறலோடு எத்தனை நாள் வீட்டில் இருந்தார், சேர்ந்த பிறகு எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தார் என்ற இரண்டு இடைவெளிகள். சேர்ந்த அன்றே இறந்தவருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது; அவரைச் சிகிச்சை எட்டவே இல்லை. ஒரு பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இடைவெளி நீளமாகவும் இரண்டாவது குறுகலாகவும் இருந்தால், வருமானக் கணக்கெடுப்பு இல்லாமலே அந்தப் பகுதியின் நிலை தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் பொதுவில் இருந்தன. மாவட்டத்துக்குக் கீழே ஊர் பெயர் இருந்திருந்தால் நாவலூரையும் செம்மஞ்சேரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

கிருமிக்குச் சாதி, வர்க்கம் கிடையாது, இரண்டாம் அலையில் பணக்காரர்களும் ஆக்சிஜனுக்கு அலைந்தார்களே என்பார்கள். அலைந்தார்கள். 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். எடுத்த ரத்தப் பரிசோதனையில் தமிழ்நாட்டில் 69.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. தொற்று யாரையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தொற்றுக்கும் மரணத்துக்கும் இடையே, மரணத்துக்கும் குடும்பம் கடனில் விழுவதற்கும் இடையே படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு சாரார் கழன்றுகொள்ள முடிந்தது, இன்னொரு சாராரால் முடியவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு வேறு இருக்கிறது. மக்களைப் பிரித்து எண்ணினால் களங்கம் சுமத்துவதாகும் என்பது. இதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். 2020 ஏப்ரலில் டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைத் தனியே எண்ணிச் சொன்னதில் ஒரு சமூகமே சந்தேகத்துக்கு ஆளானது. தமிழ்நாடு பிறகு பெயரைத் தவிர்த்து 'ஒரே மூலம்' என்று சொல்லத் தொடங்கியது. தொற்று வந்த வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் என்ன செய்தது என்பது தெரிந்துதான் அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது தேவையில்லை என்றது. ஆனால் அங்கே நடந்த கெடுதல் எண்ணியதால் வந்ததில்லை, மாலை ஆறு மணிக்கு அறிவித்ததால் வந்தது. தொழிலையும் குடியிருப்பையும் பதிவேட்டில் எழுதலாம். ஆய்வுக்கும் திட்டத்துக்கும் மட்டும் திறக்கலாம். எழுதாமல் விட்டால் களங்கம் போய்விடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சான்று மட்டும் போய்விடும்.

அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது கடைசி மறுப்பு. தமிழ்நாடும் ஆந்திரமும் அதே அவசரத்தில் நோயாளிகளின் தொடர்புகளைத் தேடிப் பிடித்தன. 84,965 நோயாளிகளோடு பழகிய 5,75,071 பேரின் பரிசோதனை முடிவுகள் 2020 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் ஆய்வாக வந்தன. ஐந்தே முக்கால் லட்சம் பேரைத் தேடி எழுதிய கைகளுக்கு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு கட்டம் கூடுதலாக நிரப்புவது பாரம் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். கொரோனா தவிர்த்த நோய்களுக்கும் அந்தக் கட்டம் தேவைப்பட்டது. நாட்டில் 2019-இல் 24 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டறிந்து பதிந்தார்கள். 2020-இல் அது 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை. யார் அந்த ஆறு லட்சம் பேர் என்று கேட்டால் பதில் ஊகம்தான். மாத்திரை நின்றுபோன சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்காக 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்குக் கிடைத்த நேர்மையான பதில். வீட்டு வாசலுக்குப் போகிறது. அதன் பட்டியலும் வீடுகளின் பட்டியல்தான். தகரக் கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது.

எண்ணத் தெரியாத மாவட்டம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனையை உலகம் இன்றும் செங்கல்பட்டு ஆய்வு என்றுதான் சொல்கிறது. நடந்த இடத்தில் பெரும்பாகம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது; பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஊர் ஊராகப் போய், வீடு வீடாகப் பெயர் எழுதி, மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பதிந்துதான் ஆய்வை நடத்தினார்கள். பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற, யாரும் விரும்பாத முடிவை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததற்குக் காரணம் பகுதி எண் அசைக்க முடியாததாக இருந்தது. இன்று நாவலூரில் எந்த விகிதத்தை எடுத்தாலும் கோட்டுக்குக் கீழே நிற்பது 2011 மக்கள்தொகைக் கணக்கோ அதிலிருந்து நீட்டிய ஊகமோதான். அப்போது இந்தக் கோபுரங்களில் பாதி கிடையாது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பையும் இதே தொற்று தள்ளிப்போட்டது. இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன் வீட்டுப் பட்டியல். கணக்கெடுப்பாளர் கோபுரத்தின் காவலாளியிடம் கேட்டுப் பிளாட் எண்களை வரிசையாகப் பதிந்துகொண்டு, பின்புறம் சிமெண்ட் மூட்டைகளுக்கு அப்பால் துணி காயும் கொடி வரை நடந்து போவாரா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.